788 ஏரிகளும் ஒரு புளியமரமும்

ஹைதராபாத்தில் அஃப்சல் கஞ்ச் பக்கம் போனால், உஸ்மானியா ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் ஒரு பெரிய புளியமரம் நிற்கிறது. வயசு நானூறுக்கு மேல் என்கிறார்கள். 1908, செப்டம்பர் 28-ம் தேதி அந்த மரத்தின் கிளைகளைப் பிடித்துக்கொண்டு சுமார் 150 பேர் உயிரோடு இருந்தார்கள். கீழே மூசி நதி. கரைக்குள் அடக்கமாக ஓடும் மூசி கிடையாது... பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரியையே பெயர்த்துக்கொண்டு போன மூசி!

அந்த வெள்ளத்துக்கு ஹைதராபாத்காரர்கள் வைத்த பெயர், 'துக்யானி சிதம்பர்'. (நம்ம சிதம்பரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. துக்யானி என்றால் வெள்ளம். செப்டம்பரை உருதுவில் அப்படித்தான் சொல்வார்கள்!)

மூசி அப்படியொன்றும் பெரிய நதி இல்லை. மேற்கே விகாராபாத் பக்கம் அனந்தகிரி மலையில் பிறந்து, வரும் வழியில் ஈசி என்ற தங்கை நதியைச் சேர்த்துக்கொண்டு, நகரத்தை இரண்டாகப் பிளந்து, கிழக்கே போய் கிருஷ்ணாவில் கலக்கும். வருஷத்தில் பாதி நாள் முழங்கால் தண்ணீர்தான். அதனால், கரை ஓரத்தில் நெருக்கி அடித்து வீடு கட்டிக்கொண்டு மக்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

செப்டம்பர் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. ஷம்ஷாபாத்தில் (ஆமாம், இப்போது விமான நிலையம் இருக்கிறதே, அதே ஊர்) 24 மணி நேரத்தில் 12.8 அங்குலம். சுமார் 32 சென்டிமீட்டர்! மழை மட்டும் பெய்திருந்தால்கூட நகரம் தாங்கியிருக்குமோ என்னவோ... கூடவே இன்னொன்றும் நடந்தது.

மூசி, ஈசி இரண்டுக்கும் தண்ணீர் வந்து சேரும் நிலப்பரப்பு 860 சதுர மைல். அதற்குள் 788 ஏரிகள் இருந்தன. கிட்டத்தட்ட ஒரு சதுர மைலுக்கு ஒரு ஏரி! தெலுங்கில் பெரிய ஏரி 'செருவு', சின்னக் குட்டை 'குண்டா'. காகதியர் காலத்திலிருந்து தக்காணத்தில் விவசாயம் நடந்ததே இவற்றை நம்பித்தான். மேட்டு ஏரி நிரம்பி வழிந்தால் அடுத்த ஏரிக்கு, அது நிரம்பினால் அதற்கும் கீழே என்று சங்கிலி மாதிரி ஓர் ஏற்பாடு. கரை பலமாக இருக்கிறவரை அருமையான ஏற்பாடு. மேலே ஒரு கரை உடைந்தால் அதே சங்கிலி எமனாகிவிடும். ஓர் ஏரியின் மொத்தத் தண்ணீரும் அடுத்த ஏரியின் தலையில் இறங்கும். அதுவும் உடையும். இரண்டு ஏரித் தண்ணீர் சேர்ந்து மூன்றாவதைத் தாக்கும்...

அந்த ஒரே மழையில் 221 ஏரிகள் உடைந்தன. அதில் பெரும்பாலானவை ஈசியின் பக்கம்.

28-ம் தேதி நகரத்துக்குள் நுழைந்த வெள்ளம், உச்சத்தில் விநாடிக்கு 4,25,000 கன அடி என்று பின்னால் கணக்கிட்டார்கள். பேட்லா புர்ஜ் என்ற கோட்டைக் கொத்தளம் உயரமாக இருக்கிறதே என்று நூற்றுக்கணக்கானோர் மேலே ஏறி நின்றார்கள். கொத்தளமே இடிந்து விழுந்தது. அத்தனை பேரும் போனார்கள். ஆற்றின் மேல் நின்ற பாலங்களில் மிஞ்சியது 1578-ல் குதுப் ஷாஹிகள் கட்டிய 'புராணாபுல்' மட்டும்தான். பெயரே 'பழைய பாலம்'! புதுசெல்லாம் போச்சு, பழசு நின்றது.

இறந்தவர்கள் சுமார் 15,000 பேர் என்று கணக்கு. இடிந்த வீடுகள் 19,000. தெருவுக்கு வந்தவர்கள் 80,000 பேர். அப்போது நகரத்தின் மொத்த ஜனத்தொகையே ஐந்து லட்சத்துக்குள்தான். உருதுக் கவிஞர் அம்ஜத் ஹைதராபாதி அந்த ஒரே நாளில் தாய், மனைவி, மகள் மூவரையும் பறிகொடுத்தார். குடும்பத்தில் மிஞ்சியது அவர் ஒருவர்தான். அதற்குப் பிறகு ஐம்பது வருஷத்துக்கும் மேல் அவர் வாழ்ந்தார் என்பதைப் படிக்கும்போது என்னவோ செய்கிறது.

ஆறாவது நிஜாம் மஹபூப் அலி கான் அரண்மனைக் கதவுகளைத் திறந்துவிட்டார். சரோஜினி நாயுடு நிவாரண வேலையில் இறங்கினார். மூசித் தாய் கோபத்தில் இருக்கிறாள், அரசர்தான் சாந்தப்படுத்த வேண்டும் என்று யாரோ சொல்ல, நிஜாம் ஆற்றங்கரைக்குப் போய்ப் புடவை, வளையல் எல்லாம் சமர்ப்பித்துப் பூஜை செய்தார் என்றும் ஒரு கதை உண்டு. எந்த அளவுக்கு நிஜம் என்பதை விடுங்கள். ஒரு முஸ்லிம் அரசரைப் பற்றி ஜனங்கள் இப்படியொரு கதையைச் சொல்ல ஆசைப்பட்டார்கள், அது முக்கியம்.

பூஜையோடு நிற்காமல், நிஜாமின் அரசு இன்னொரு காரியமும் செய்தது. நல்ல இன்ஜினீயராகத் தேடியது!

மோக்ஷகுண்டம் விஸ்வேஸ்வரய்யாவுக்கு அப்போது 50 வயசுகூட ஆகவில்லை. பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் பல சீனியர்களைத் தாண்டி மேலே வந்தவர். ஆனால், உச்சப் பதவி இந்தியருக்குக் கிடைக்காது என்பது தெரிந்ததும், 'போதும் சாமி' என்று வேலையை விட்டுவிட்டு வெளிநாட்டுப் பயணம் கிளம்பிவிட்டார். இத்தாலியில் இருந்தபோது ஹைதராபாத்தின் அழைப்பு போய்ச் சேர்ந்தது. மனிதர் அவசரப்படவில்லை. பயணத்தை முடித்துக்கொண்டு 1909 ஏப்ரலில் வந்து இறங்கினார்.

அவரிடம் ஒப்படைத்த வேலை மூன்று. நகரத்தை மறுபடி கட்ட யோசனை சொல்வது. இனி வெள்ளம் வராமல் தடுக்கத் திட்டம் போடுவது. நகரத்துக்கு முழுமையான சாக்கடைத் திட்டம் தயாரிப்பது. இந்த மூன்றாவது வேலையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறே மாதத்தில் அறிக்கை ரெடி. 'கரையை உயர்த்து, சுவர் கட்டு' என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வைத்தியம். அவரும் அதைச் சொன்னார். ஆனால், முக்கியமான மருந்து வேறு. வெள்ளத்தை நகரத்துக்குள் சமாளிக்க முடியாது, வருவதற்கு முன்பே வழிமறிக்க வேண்டும் என்றார். மூசியின் குறுக்கே நகரத்துக்கு எட்டரை மைல் மேலே ஒன்று, ஈசியின் குறுக்கே ஆறரை மைல் மேலே ஒன்று. இரண்டு பெரிய அணைகள். மழைத் தண்ணீரை அண்டாவில் பிடித்து வைத்துக்கொண்டு செம்பு செம்பாக ஊற்றுகிற மாதிரி, ஆறு தாங்கும் அளவுக்கு மட்டும் கீழே விடுவது. அவ்வளவுதான் சூத்திரம்!

சும்மா சொல்லக் கூடாது, நிஜாம் அரசு அந்த அறிக்கையை அலமாரியில் வைத்துப் பூட்டவில்லை. மஹபூப் அலி கான் 1911-ல் காலமாகி, மகன் உஸ்மான் அலி கான் பட்டத்துக்கு வந்தார். (சட்டையைக்கூடக் கிழியும்வரை போட்டார் என்று கஞ்சத்தனத்துக்குப் பேர்போன அதே ஏழாவது நிஜாம்தான்!) அணை விஷயத்தில் அவர் கஞ்சத்தனம் காட்டவில்லை. 1912-ல் நகர மேம்பாட்டு வாரியம் பிறந்தது. 1920-ல் மூசியின் குறுக்கே உஸ்மான் சாகர் எழுந்தது. 1927-ல் ஈசியின் குறுக்கே ஹிமாயத் சாகர். வெள்ளம் துடைத்துப்போட்ட கரையில் ஹைகோர்ட், உஸ்மானியா ஆஸ்பத்திரி என்று அழகழகான கட்டடங்கள் வந்தன. ஊருக்குக் குடிதண்ணீரும் கிடைத்தது.

பலன்? 1908 போல ஒரு வெள்ளம் அதற்குப் பிறகு மூசியில் வரவே இல்லை. நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. 'ஒரு பெரிய வெள்ளத்துக்குப் பிறகு எந்த நகரமாவது திருந்தியிருக்கிறதா?' என்று யாராவது கேட்டால், 1927-ம் வருஷத்து ஹைதராபாத்தைத் தைரியமாகக் காட்டலாம்.

இப்போதைய ஹைதராபாத்தை?

இங்கேதான் சிக்கல். நகரத்துக்குள் சாக்கடை அமைக்கும் வேலையும் நடந்தது. பாதாளச் சாக்கடை 1930-களின் தொடக்கத்தில் வந்தது. அன்றைய ஊருக்கு, அதாவது ஐம்பது சொச்சம் சதுர கிலோமீட்டருக்கு, ஐந்து லட்சத்துக்கும் குறைவான ஜனங்களுக்கு. 2007-ல் பக்கத்து நகராட்சிகள் பன்னிரண்டையும் சேர்த்து மாநகராட்சி உருவானபோது அதன் பரப்பு 625 சதுர கிலோமீட்டர்! ஊர் பத்து மடங்குக்கு மேல் வீங்கியது. அந்த வேகத்தில் குழாய் போகவில்லை. ஏரிக்கு ஏரி தண்ணீர் கொண்டுபோன பழைய ஓடைகள்தான் ('நாலா' என்பார்கள்) புதுக் காலனிகளுக்குச் சாக்கடையாகிவிட்டன. வெயில் காலத்தில் கழிவு நீர், மழைக் காலத்தில் இரண்டும் கலந்து. குக்கட்பள்ளி நாலா, பஞ்சாரா நாலா எல்லாம் ஹுசேன் சாகருக்குத் தண்ணீர் கொண்டுவந்த வாய்க்கால்கள். பிற்பாடு அவை எதைக் கொண்டுவந்தன என்பதற்கு ஏரிக்கரையில் மூக்கே சாட்சி.

ஏரிகள்? மாஸாப் டேங்க் என்று ஹைதராபாத்தில் பிரபலமான ஒரு சந்திப்பு இருக்கிறது. 'மா சாஹிபா' என்று மரியாதையாக அழைக்கப்பட்ட குதுப் ஷாஹி அரசி ஹயாத் பக்ஷி பேகத்தின் ஞாபகமாக வந்த பெயர். டேங்க் எங்கே என்று தேடாதீர்கள். பெயரில் மட்டும்தான் இருக்கிறது. நல்லகுண்டாவில் குண்டா இல்லை. தாலாப் கட்டாவில் தாலாபும் இல்லை, கட்டாவும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். இந்த மறதிக்கு ஒரு காரணம், அந்த இரண்டு அணைகளின் வெற்றிதான்! ஆறு பொங்கி வரும் என்ற பயம் இரண்டு தலைமுறைகளில் கரைந்துவிட்டது. பயம் போனால் ஆற்றுப் படுகை என்ன ஆகும்? 'காலி இடம்' ஆகும். 1994-ல் மூசியின் நடுவிலேயே, இம்லிபன் என்ற இடத்தில் பிரமாண்டமான பஸ் ஸ்டாண்ட் கட்டினார்கள். மகாத்மா காந்தி பஸ் ஸ்டாண்ட். இம்லிபன் என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? புளியந்தோப்பு!

முதல் அடி 2000, ஆகஸ்ட் 24 அன்று விழுந்தது. பேகம்பேட்டில் ஒரே நாளில் 24 சென்டிமீட்டர். வெள்ளம் இந்த முறை மேற்கே மலையிலிருந்து வரவில்லை. ஊருக்குள்ளேயே பெய்து, ஊருக்குள்ளேயே நின்றது. விஸ்வேஸ்வரய்யாவின் அணைகள் என்ன செய்யும்? அவை மைல்கணக்கில் தள்ளி, வேறொரு எதிரியை எதிர்பார்த்துக் காவல் காத்துக்கொண்டிருந்தன!

அரசு விழித்துக்கொண்டது. கிர்லோஸ்கர் கன்சல்டன்ட்ஸ் நிறுவனத்தை வைத்து ஆய்வு நடந்தது. 2003-ல் அறிக்கை வந்தது. நாலாக்களை அகலப்படுத்து, ஆக்கிரமிப்பை எடு என்று தெளிவாகவே சொன்னது. அதற்கப்புறம்... 1909-ல் வந்த அறிக்கைக்கும் 2003-ல் வந்த அறிக்கைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். முதல் அறிக்கை அணையாக மாறியது. இரண்டாவது, பெரும்பாலும் அறிக்கையாகவே இருந்தது. நியாயமாகச் சொன்னால், நிஜாம் காலத்து வேலை சுலபம். ஆளில்லாத இடத்தில் அணை கட்டலாம். நாலா ஓரத்திலோ ஆயிரக்கணக்கான குடும்பங்கள். பட்டா, ஓட்டு, கோர்ட் ஸ்டே எல்லாவற்றையும் தாண்டி ஒரு ஓடையைப் பத்தடி அகலப்படுத்துவதற்குள் அதிகாரி ரிட்டயராகிவிடுவார். அது சரி, ஆனால் மழைக்கு அதெல்லாம் தெரியாதே!

2020, அக்டோபர் 13. பேகம்பேட்டில் 19 சென்டிமீட்டர். கிழக்கே கட்கேசர் பக்கம் 32 சென்டிமீட்டர். 1908-ல் ஷம்ஷாபாத்தில் பெய்த அதே அளவு! நகரத்தின் வடிகால்கள் மணிக்கு 2 சென்டிமீட்டர் மழைக்குத்தான் தாங்கும் என்று அதிகாரிகளே பல தடவை சொல்லியிருக்கிறார்கள். கார்கள் தெருவில் படகாக மிதந்தன. பல்லெ செருவின் கரை உடைந்தது. நாலு நாள் கழித்து குர்ரம் செருவும் உடைந்து பழைய நகரத்தின் தெற்குக் காலனிகள் மேல் பாய்ந்தது. மாநிலம் முழுக்க 50 பேருக்கு மேல் பலி. தமிழக அரசு 10 கோடி ரூபாயும் போர்வைகளும் அனுப்பிய வெள்ளம் இதுதான்.

112 வருஷத்துக்குப் பிறகும் மறுபடி ஏரிகள்தான் உடைந்தன என்பதைக் கவனித்தீர்களா? 1908-ல் உடைந்த ஏரிகளுக்குக் கீழே பெரும்பாலும் வயல்கள் இருந்தன. 2020-ல் உடைந்த ஏரிகளின் கலிங்கு வழியில், அதாவது உபரித் தண்ணீர் போக வேண்டிய பாதையில், இரண்டு மாடி வீடுகள் இருந்தன. பேங்க் லோன் போட்டு வாங்கிய வீடுகளும் அதில் அடக்கம். வாங்கியவருக்கு அது ஏரியின் வழி என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். விற்றவருக்குத் தெரிந்திருக்கும்.

அதே 2020, ஜூலையில் நடந்த இன்னொரு சம்பவம் எனக்கு இதைவிட உறைத்தது. உஸ்மானியா ஆஸ்பத்திரியின் வார்டுகளுக்குள் மழையும் சாக்கடையும் கலந்து புகுந்தது. கட்டிலில் நோயாளிகள், கட்டிலுக்குக் கீழே தண்ணீர். அந்த மாதமே பழைய கட்டடத்தைக் காலி செய்ய வேண்டி வந்தது. முன்பு இருந்த ஆஸ்பத்திரியை அடித்துப் போனது மூசி. அதற்குப் பதிலாகக் கட்டிய ஆஸ்பத்திரிக்குள் மூசி வரவில்லை. உள்ளே வந்தது சாக்கடை. விஸ்வேஸ்வரய்யாவிடம் கொடுத்த மூன்று வேலைகளில் இரண்டாவது ஜெயித்ததும், மூன்றாவது ஊர் வளர்ந்த வேகத்தில் தோற்றதும் ஒரே வளாகத்தில் தெரிகிறது. 2025 ஜனவரியில் கோஷாமஹாலில் புது ஆஸ்பத்திரிக்கு அடிக்கல் நாட்டினார்கள்.

2020 அடிக்குப் பிறகு வேலையே நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். நாலாக்களுக்கு என்றே தனித் திட்டம் போட்டு, முதல் கட்டத்துக்குச் சுமார் 985 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். பல இடங்களில் அகலமான கான்கிரீட் பெட்டிக் கால்வாய்கள் வந்தன. ஆனால், கால்வாயின் பலம் அதன் அகலமான இடத்தில் இல்லை, மிகக் குறுகலான இடத்தில் இருக்கிறது. மேலே முப்பதடி அகலப்படுத்தி, கீழே பத்தடியில் ஒரு கல்யாண மண்டபம் மறித்துக்கொண்டு நின்றால், மேலே இருந்தவரின் பிரச்னை கீழே இருப்பவருக்கு இன்னும் வேகமாகப் போய்ச் சேரும்!

2024-ல் 'ஹைட்ரா' என்ற புது அமைப்பு வந்து ஏரி ஆக்கிரமிப்புகளை புல்டோசரால் இடிக்க ஆரம்பித்தது. பெரிய இடத்துக் கட்டடங்களும் விழுந்தபோது ஜனங்கள் கைதட்டினார்கள். சாதாரண ஜனங்களின் வீட்டு வாசலுக்கும் அது வந்தபோது கோர்ட்டுக்கு ஓடினார்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

இதற்கிடையே அந்த இரண்டு அணைகள்? கிருஷ்ணாவிலிருந்தும் கோதாவரியிலிருந்தும் குடிதண்ணீர் வர ஆரம்பித்ததும், 'இனி இவை எதற்கு?' என்ற பேச்சு கிளம்பியது. 1996-ல் போட்ட 111-ம் எண் அரசாணை, அணைகளைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குப் பெரிய கட்டுமானங்களைத் தடுத்து வைத்திருந்தது. 84 கிராமங்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஏக்கர்! ரியல் எஸ்டேட்காரர்களின் வாயில் எச்சில் ஊறாமல் இருக்குமா? 2022-ல் அந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தி அரசு ஆணை போட்டது. வழக்குகளும் கிளம்பின. குடிதண்ணீருக்காகக் கட்டியவை என்றே பலர் நினைத்திருந்தார்கள். 15,000 பிணங்களுக்குப் பிறகு கட்டியவை என்பது பள்ளிக்கூடப் பாடத்தோடு நின்றுவிட்டது போலிருக்கிறது.

ஆறு ஒரு தடவை ஞாபகப்படுத்தியது. 2025, செப்டம்பர் 26 இரவு. மேலே பலத்த மழை. இரண்டு அணைகளின் மதகுகளையும் திறந்தார்கள். தசரா விடுமுறைக் கூட்டம் இருந்த இம்லிபன் பஸ் ஸ்டாண்டுக்குள் மூசி நுழைந்தது. மாட்டிக்கொண்ட பயணிகளை மீட்புப் படையினர் பத்திரமாக வெளியே கொண்டுவந்தார்கள். அணைகளிலிருந்து அன்று விட்ட தண்ணீர், 1908-ல் வந்ததில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. அதற்கே இந்தக் கதி! அணைகள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தன. கீழே ஆறு இருக்க வேண்டிய இடத்தில் பஸ்கள் இருந்தன.

அதற்கு இரண்டு நாள் கழித்து, அம்பர்பேட்டில் ஒரு குளத்தைத் திறந்து வைத்தார்கள். பெயர், பத்துகம்மா குண்டா. பழைய ஆவணங்களில் 14 ஏக்கருக்கு மேல் இருந்த குளம், மண்ணும் குப்பையும் கொட்டி மூடப்பட்டு, மீட்கப்பட்டபோது கிடைத்தது ஐந்து ஏக்கர் சொச்சம். அந்த வருஷ ஆரம்பத்தில் அதைத் தோண்டத் தொடங்கியபோது, சில அடி ஆழத்திலேயே தண்ணீர் பீறிட்டு வந்தது. ஏதோ குடிதண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது என்றுதான் முதலில் பேசிக்கொண்டார்கள். சோதித்துப் பார்த்தார்கள். குழாய் எதுவும் உடையவில்லை.